காலை 9.15க்குக் கிளம்பி 9.20க்கு அமெரிக்காவில் இறங்குதாம்: சென்னை – சான் பிரான்சிஸ்கோ நேரக் கணக்கு (அப்பாவுக்காக)

பொன்மலைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி என்னோடது இல்லை, எங்க அப்பாவோடது. அவருக்கு 71 வயசு. ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆனவர். (இப்போ அந்த வேலைக்கு ‘டிரெய்ன் மேனேஜர்’னு பேரு மாத்திட்டாங்க. அவர் முன்னாடி அதைச் சொல்லிடாதீங்க.) எந்த ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு நின்னுது, எத்தனை மணிக்கு எடுத்தாங்க, எத்தனை நிமிஷம் லேட்டுன்னு 34 வருஷம் எழுதினவர். பால்காரர் வந்த நேரத்தைக்கூட ‘05.42’னுதான் சொல்லுவார்.

தங்கச்சிக்குப் பிரசவம், அமெரிக்காவுல கலிபோர்னியாவுல, சான் ஓசே பக்கத்துல. அப்பாவும் அம்மாவும் செப்டம்பர்ல போய் ஜனவரியில திரும்புறாங்க. ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் விமானம். மாப்பிள்ளை டிக்கெட் போட்டு அனுப்பினார். நான் அதை பிரின்ட் எடுத்து அப்பா கையில கொடுத்தேன். அங்கேதான் வினை ஆரம்பிச்சுது.

டிக்கெட்ல இருக்கிறது இது:

போகும்போது: சென்னை, செவ்வாய் 23.15 – சிங்கப்பூர், புதன் 06.05.
சிங்கப்பூர், புதன் 09.15 – சான் பிரான்சிஸ்கோ, புதன் 09.20.

வரும்போது: சான் பிரான்சிஸ்கோ, வியாழன் 22.55 – சிங்கப்பூர், சனி 08.00.
சிங்கப்பூர், சனி 09.45 – சென்னை, சனி 11.25.

அப்பா சிவப்பு பால்பாயின்ட்ல ரெண்டு இடத்துல வட்டம் போட்டுட்டு என்னைக் கூப்பிட்டார். “சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். அதுக்கு ஆறு மணி ஐம்பது நிமிஷம். சிங்கப்பூர்லேருந்து அமெரிக்கா 13,600 கிலோமீட்டர். அதுக்கு அஞ்சு நிமிஷமா? வர்றப்போ அதே சிங்கப்பூர் – சென்னை ஒண்ணே முக்கால் மணிகூட இல்லை. ரெண்டும் ஒரே லைன்தானேடா?”

உள்ளூர் நேரம்பான்னு சொல்லிப் பார்த்தேன். “அது எனக்கும் தெரியும். அப்போ உண்மையான ரன்னிங் டைம் என்ன, எழுதிக் காட்டு”ன்னார். எழுத உக்காந்தா எனக்கே தலை சுத்துது. டிக்கெட்டை அப்படியே கழிச்சா போக 10 மணி 5 நிமிஷம், வர 36½ மணி வருது.

இன்னொண்ணு. இணையத்துல தேடினா சென்னை – சான் பிரான்சிஸ்கோ 13,900 கி.மீ., 17 மணி நேரம்னு ஒரு தளம் சொல்லுது. சிங்கப்பூர் வழியா கூட்டினா 16,500 கி.மீ. வருது. 2,600 கிலோமீட்டர் ஏன் சும்மா சுத்தணும்னு அப்பா கேக்கறார். இவங்க சுத்தற தூரம் அவர் கணக்குல சென்னை – டெல்லி ரயில் தூரத்துக்கு மேலயாம்.

அம்மாவுக்கும் ஒரு கேள்வி இருக்கு. வியாழன் ராத்திரி ஏறி சனி காலையில இறங்கினா வெள்ளிக்கிழமை எங்கே போச்சு? அவங்களுக்கு வெள்ளிக்கிழமை விரதம்.

பதில் சொல்றவங்க தயவுசெய்து நிமிஷக் கணக்கோட சொல்லுங்க. ‘சுமாரா’ன்னு ஒரு வார்த்தை வந்தாலே அப்பா படிக்கிறதை நிறுத்திடுவார்.

---

வெட்டிவேர்:

ரொம்ப ஈஸி பிரதர். நம்ம நேரம் கலிபோர்னியாவை விட 12½ மணி முன்னாடி. போகும்போது அதைக் கூட்டணும், வரும்போது கழிக்கணும்.

போக: 10.05 + 12.30 = 22 மணி 35 நிமிஷம்.
வர: 36.30 – 12.30 = 24 மணி.

அவ்வளவுதான். அப்பாவுக்கு என் வணக்கம்.

---

துறையூர்_சாங்கி:

வெட்டிவேர் தம்பி, போற கணக்கு சரி. வர்றதுல ஒரு மணி நேரம் இடிக்குது. அவங்க திரும்புறது ஜனவரியில. அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி வெச்சுடுவாங்க. அதனால ஜனவரியில வித்தியாசம் 13½ மணி. 36.30 – 13.30 = 23 மணி. கார்டு ஐயா கண்டுபிடிக்கறதுக்கு முந்தி நாமளே திருத்திடுவோம்.

நான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல தரைப்பணியில 19 வருஷம் இருந்தவன். இந்தக் கேள்வியோட வந்த தாத்தா பாட்டிங்களை நிறையப் பார்த்திருக்கேன். அவங்களுக்குச் சொல்ற வழியையே இங்கேயும் சொல்றேன். உள்ளூர் நேரத்தைத் தொடவே கூடாது. எல்லாத்தையும் நம்ம இந்திய நேரத்துக்கு மாத்தி எழுதிட்டு அப்புறம் கழிக்கணும். சிங்கப்பூர் நம்மை விட 2½ மணி முன்னாடி.

போகும்போது, எல்லாம் இந்திய நேரம்:
செவ்வாய் 23.15 சென்னை விடுதல்
புதன் 03.35 சிங்கப்பூர் சேர்தல் (4 மணி 20 நிமிஷம்)
புதன் 06.45 சிங்கப்பூர் விடுதல் (நிறுத்தம் 3 மணி 10 நிமிஷம்)
புதன் 21.50 சான் பிரான்சிஸ்கோ சேர்தல் (15 மணி 5 நிமிஷம்)
மொத்தம் 22.35.

வரும்போது:
வெள்ளி 12.25 சான் பிரான்சிஸ்கோ விடுதல்
சனி 05.30 சிங்கப்பூர் சேர்தல் (17 மணி 5 நிமிஷம்)
சனி 07.15 சிங்கப்பூர் விடுதல் (நிறுத்தம் 1 மணி 45 நிமிஷம்)
சனி 11.25 சென்னை சேர்தல் (4 மணி 10 நிமிஷம்)
மொத்தம் 23.00.

அஞ்சு நிமிஷம்னு தெரிஞ்சது உண்மையில 15 மணி 5 நிமிஷம். சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் செப்டம்பர்ல சரியா 15 மணி வித்தியாசம். அதனாலதான் 15 மணி பறந்தும் கடிகாரம் நகராத மாதிரி தெரியுது.

ஐயாகிட்ட இதையும் சொல்லுங்க. இந்தக் குழப்பம் அவர் டிபார்ட்மென்ட்டுக்குப் புதுசு இல்லை. அந்தக் காலத்துல பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், மெட்ராஸுக்கு ஒரு நேரம். ஊருக்கு ஊர் கடிகாரம் மாறினா டைம் டேபிள் எப்படிப் போடுறது? ரயில்வே எல்லாத்துக்கும் மெட்ராஸ் நேரத்தையே வெச்சு வண்டி ஓட்டினாங்க. நுங்கம்பாக்கத்துல இருந்த வானியல் ஆய்வுக்கூடம் சொன்ன நேரம் அது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னாடி. 1906லதான் 5½ மணின்னு ஒரே இந்திய நேரம் வந்துது. அப்போ பம்பாய் ஸ்டேஷன் மாஸ்டர் செஞ்ச வேலையைத்தான் இப்போ இவர் செய்யப்போறார்.

---

பொன்மலைக்காரன்:

அண்ணே, கும்பிடறேன். ‘விடுதல், சேர்தல், நிறுத்தம்’னு நீங்க எழுதினதைப் பார்த்ததும் அப்பா மூஞ்சியே மாறிடுச்சு. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு நோட்டுல ஏத்திக்கிட்டார். மெட்ராஸ் நேரம் கதையைத் தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

ஆனா அடுத்த கேள்வி உடனே வந்துடுச்சு. “சிங்கப்பூர் – அமெரிக்கா போக 15.05, வர 17.05. ஒரே தூரம், ஒரே வண்டி. ரெண்டு மணி நேரம் எங்கே தின்னுச்சு? கிராஸிங்கா?”

---

துறையூர்_சாங்கி:

கிராஸிங் இல்லீங்க ஐயா, காத்து.

திருச்சிக்காரருக்குச் சொல்றது சுலபம். ஆடி மாசத்துல சைக்கிள் எடுத்துக்கிட்டு கரூர் ரோட்டுல முக்கொம்பு வரைக்கும் மிதிச்சிருப்பீங்க. மேக்கால இருந்து மூஞ்சியில அடிக்கிற காத்துல போய்ச் சேர்றதுக்குள்ள நாக்குத் தள்ளிடும். திரும்பி வர்றப்போ மிதிக்கவே வேணாம், தானா உருட்டிக்கிட்டு வந்து விட்டுடும். தூரம் ஒண்ணுதான்.

பசிபிக் மேல விமானம் பறக்கிற 10, 11 கி.மீ. உயரத்துல ஒரு காத்தாறு மேக்கேயிருந்து கிழக்கே ஓடிக்கிட்டே இருக்கு. ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க. குளிர்காலத்துல ஜப்பானுக்குக் கிழக்கே அதோட வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுறதும் உண்டு. விமானம் தன் பங்குக்கு மணிக்கு 900 கி.மீ. போகும். அமெரிக்கா போறப்போ காத்து பின்னாலிருந்து தள்ளும். வர்றப்போ எதிர்க்காத்து. அதுவும் ஜனவரி. அதனால திரும்பும்போது பைலட்டுங்க அந்தக் காத்தாறை விட்டு விலகி, கொஞ்சம் சுத்துனாலும் பரவாயில்லைன்னு வேற பாதை எடுப்பாங்க. தினமும் பாதை மாறும். நம்ம தண்டவாளம் மாதிரி நிலையா இருக்காது.

டிக்கெட்டுல போட்டிருக்கிற நேரம் மேலே பறக்கிற நேரம் மட்டும் இல்லை. வாசல் சாத்தி வண்டி நகர்ந்ததுலேருந்து அந்தப் பக்கம் போய் நிக்கிற வரைக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போறது, வரிசையில நிக்கிறது எல்லாம் அதுல அடக்கம்.

சுத்துற கணக்குக்கு வர்றேன். இணையதளம் சொல்ற 13,900 கி.மீ. பொய் இல்லை. உருண்டையான பூமி மேல நூல் பிடிச்சா வர்ற தூரம் அது. அந்த நூல் பசிபிக் நடுவுல போகாது. சென்னையிலிருந்து வடகிழக்கா ஏறி சீனா, சைபீரியாவோட கிழக்குப் பக்கம், அலாஸ்கான்னு போய் இறங்கும். சுவத்துல மாட்டுற மேப்புல பார்த்தா நம்பமாட்டீங்க. பள்ளிக்கூட குளோப் ஒண்ணு வாங்கி நூல் வெச்சுப் பாருங்க. ஆனா அந்த வழியா சென்னையிலிருந்து நேரா யாரும் விமானம் ஓட்டலை. தளம் சொல்ற 17 மணி, தூரத்தை ஒரு வேகத்தால வகுத்துப் போடுற கணக்கு. இல்லாத வண்டிக்கு டைம் டேபிள் போட்ட மாதிரி.

பெங்களூருக்கு நேரா வந்திருக்கு. 2021 ஜனவரியில சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா முதல் விமானம், போயிங் 777. ஓட்டினது முழுக்கப் பெண்கள், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில நாலு பேர். வட துருவத்துக்கு மேலேயே ஏறி வந்தாங்க. 14,000 கி.மீ. கிட்ட, 17 மணி நேரம்.

உங்களுக்கு எப்படியும் ஒரு இடத்துல இறங்கி மாறணும். துபாய் வழின்னா ரெண்டு பாகமும் சேர்ந்து 16,000 கி.மீ. சிங்கப்பூர் வழி 16,500. பெரிய வித்தியாசம் இல்லை. வயசானவங்களுக்கு நான் கிலோமீட்டரைப் பார்க்கவே மாட்டேன். நடுவுல எத்தனை தடவை இறங்கணும், எவ்வளவு நேரம் நாற்காலியில காத்துக்கிடக்கணும், அதைத்தான் பார்ப்பேன். மாப்பிள்ளை நல்லாத்தான் போட்டிருக்கார்.

---

கொக்குவிலான்:

நான் மெல்பர்னில இருந்து எழுதிறன். அம்மாவின்ர வெள்ளிக்கிழமைக் கேள்வியை ஒருத்தரும் தொடேல்லை, அதான் வந்தனான்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் துலையாது. வியாழன் இரவு ஏறினாப் பிறகு நடுக்கடலில நள்ளிரவு தாண்டும். அங்க வெள்ளி பிறக்கும். எல்லாரும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பினம். கொஞ்ச நேரத்தில விமானம் தேதிக்கோட்டை (பசிபிக் நடுவில நாள் மாறுற கோடு) கடக்கும், உடனே சனிக்கிழமை. அம்மா எழும்பேக்க வெள்ளி வந்து போயிருக்கும்.

போகேக்க நடக்கிறதுதான் இன்னும் வடிவு. புதன் காலமை சிங்கப்பூரில சூரியன் உதிக்கிறதைப் பாப்பினம், அவையள் ஆறு மணிக்கே அங்க இறங்கிறபடியால். பிறகு கிழக்க பறக்கேக்க கெதியா இருட்டும். இரவு பதினொரு மணியளவில தேதிக்கோட்டில செவ்வாய்க்கிழமை திரும்பி வரும். பிறகு விடியும், அதுவும் புதன்கிழமைதான். ஒரே புதனுக்கு ரெண்டு சூரிய உதயம்.

இதைச் சொல்லேக்க எங்கட கொக்கலை ஞாபகம் வருது. காலிக்குக் கிட்ட இருக்கிற கடலேரி. ரெண்டாம் உலக யுத்தத்தில சிங்கப்பூர் யப்பான்காரரிட்டப் போனாப் பிறகு அவுஸ்திரேலியாவுக்கு வான்வழி அறுந்து போச்சு. அப்ப 1943 தொடக்கம் 1945 வரை குவான்டாஸ்காரர் பேர்த்தில இருந்து கொக்கலைக்கு கட்டலீனா எண்ட கடல் விமானத்தை விட்டவை. தண்ணியில இறங்கி தண்ணியில எழும்பிற விமானம். 5,600 கிலோமீட்டருக்கு மேல, இடையில எங்கயும் இறங்கேலாது. 27 மணித்தியாலத்தில இருந்து 33 மணித்தியாலம் வரை எடுக்கும். எரிபொருள் பாரத்தால மூண்டு பயணியளுக்கு மேல ஏத்தேலாது. யப்பான்காரர் கேப்பினம் எண்டு ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு, நட்சத்திரம் பாத்து வழி பிடிச்சவை. ஒரே பறப்பில ரெண்டு சூரிய உதயம் பாக்கிறபடியால ‘இரட்டைச் சூரிய உதயம்’ எண்டே பேர். பயணியளுக்கு அதுக்கொரு சான்றிதழும் குடுத்தவை.

இப்ப அதே பேர்த்தில இருந்து 2018 தொடக்கம் லண்டனுக்கு நேர விமானம், 14,500 கிலோமீட்டர், 17 மணித்தியாலம். உங்கட சிங்கப்பூரில இருந்து நியூயோர்க் 15,300க்கு மேல, 18 மணித்தியாலம் தாண்டும். கார்டு ஐயாவுக்கு இந்த இலக்கங்கள் பிடிக்கும் எண்டு நினைக்கிறன்.

---

மலர்விழி_தில்லைநகர்:

கணக்கெல்லாம் ஆண்கள் போட்டுட்டீங்க. நான் போன வருஷம் என் மாமியாரை இதே மாதிரி அனுப்பி வெச்சவ. சில விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

திரும்பும்போது சிங்கப்பூர்ல 1 மணி 45 நிமிஷம்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் வீல்சேர் உதவி இப்பவே கேட்டு வெச்சுடுங்க. நடக்க முடியும்னு அப்பா கௌரவம் பார்ப்பார். நடக்கிறதுக்காக இல்லை, அடுத்த வாசலுக்கு வழி தெரிஞ்ச ஒருத்தர் கூடவே வருவாங்க, அதுக்காகன்னு சொல்லுங்க.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இருந்தா எந்த மாத்திரையை எந்த நேரத்துல போடணும்னு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிடுங்க. மேலே போட்டிருக்கிற இந்திய நேரப் பட்டியலைக் காட்டினா அவருக்கும் சுலபம். மாத்திரையும் சீட்டும் கைப்பையில. பெட்டியில போட்டா போச்சு.

அரிசி மாவு, ஊறுகாய்னு அம்மா கட்ட ஆரம்பிச்சிருப்பாங்க. அது தனிக் கதை. சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் அங்க இறங்கினதும் படிவத்துலயோ கேட்டாலோ ‘இருக்கு’ன்னு சொல்லிடச் சொல்லுங்க. மறைச்சாத்தான் பிரச்சினை.

ஒரே ஒரு சந்தேகம். பொன்மலையில இருந்துக்கிட்டு ஏன் சென்னை? நம்ம திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரா விமானம் இருக்கே!

---

பொன்மலைக்காரன்:

மலர்விழி மேடம், அதை ஏன் கேக்கறீங்க. மாப்பிள்ளை தேடினப்போ திருச்சி – சிங்கப்பூர் தனி டிக்கெட், அங்கேயிருந்து தனி டிக்கெட்டுன்னுதான் வந்துச்சாம். ஒண்ணு லேட்டானா இன்னொண்ணு போயிடும், பெட்டியையும் நாமளே எடுத்து மாத்தணும்னு விட்டுட்டார். அப்பாவுக்கு இதுல வருத்தமே இல்லை. சென்னை வரைக்கும் ரயில்ல போகலாமே! இப்போ பட்டியல்ல முதல் வரியா ‘திருச்சி ஜங்ஷன் விடுதல்’ ஏறிடுச்சு. விமான நிலையத்துக்கு மூணு மணி முன்னாடி போகணும்னு சொன்னதை ‘நிறுத்தம்’னு எழுதியிருக்கார். ரயில், காத்திருப்பு எல்லாம் கூட்டினா வாசல்லேருந்து வாசலுக்கு 34 மணி வருதாம்.

கொக்குவிலான் அண்ணா, இரட்டைச் சூரிய உதயம் அப்பாவை விட அம்மாவுக்குத்தான் பிடிச்சுது. ஜன்னல் சீட்டு வேணுமாம். மாப்பிள்ளைக்கு போன் பண்ணியாச்சு.

விரத விஷயம்தான் இன்னும் தீரலை. அப்பா அவர் பட்டியலை வெச்சுத் தீர்ப்புச் சொல்லிட்டார்: “இந்திய நேரப்படி வெள்ளிக்கிழமை, அங்கே வியாழக்கிழமை காலை 10.30க்கே ஆரம்பிச்சுடுது. அப்போ மக வீட்டுலேயே நீ விரதத்தை ஆரம்பிச்சுடணும். பிளேன் ஏறி 11 மணி 35 நிமிஷம் கழிச்சு முடியும்.” அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கலை. “வராத வெள்ளிக்கிழமைக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும்? அந்தப் பிளேன்ல சைவச் சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டுச் சொல்லு”ன்னுட்டாங்க.

துறையூர் அண்ணே, அது எப்போ சொல்லி வெக்கணும்?

---

துறையூர்_சாங்கி:

இப்பவே. டிக்கெட்டுல நாலு பயணத்துக்கும் தனித்தனியா ‘இந்திய சைவம்’னு பதிஞ்சுடச் சொல்லுங்க மாப்பிள்ளையை. ஒண்ணுக்குப் போட்டா எல்லாத்துக்கும் வந்துடும்னு விட்டுடாதீங்க. ஒரு நாள் முன்னாடி போன் பண்ணி இன்னொரு தடவை கேட்டுக்கங்க. அம்மாவுக்குச் சொல்லுங்க, தனியாச் சொன்ன சாப்பாடு மத்தவங்களுக்கு முன்னாடியே வந்துடும்.